கை தூக்காத கிராணி மகன்

குத்துச்சண்டை கற்றுக்கொள்ளப் போகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்றுதான்: கையைத் தூக்கி முகத்தை மறை. சுகுமாருக்கு அதைப் பதினாறு வயதில் சொன்னார்கள். முப்பத்தேழு வயதுவரை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளாமலே மலேசியாவின் பேராக் மாநிலத்துக்காக நான்கு ஆண்டு ஆடினான், இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினான். அதுதான் அவனுக்கு வந்த கேடு. ஆரம்பத்திலேயே நாலு இடத்தில் செமத்தியாக வாங்கியிருந்தால் திருந்தியிருப்பான்.

அவன் நிற்கிற நிலையே தனி. இடது கை தொடையோரம் தொங்கும். வலது கை வயிற்றுப் பக்கம் சோம்பலாகக் கிடக்கும். எதிராளியின் குத்து மூக்குக்கு நேராக வரும்போது தலையை ஒரு விரற்கடை பின்னால் இழுப்பான். குத்து காற்றில் போகும், கூட்டம் கத்தும். பயிற்சியாளர் மட்டும் மேடைக்குக் கீழே நின்று, “கை! கை!” என்று தொண்டை வறளக் கூவிக்கொண்டிருப்பார். கையைத் தூக்குவது பயந்தவன் வேலை என்பது சுகுமாரின் கொள்கை. இருபது வயதில் எந்தக் கொள்கையும் நன்றாகத்தான் இருக்கும்.

இது நடந்தபோது அவனுக்கு ஈப்போவின் குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையைப் பார்த்த மாதிரி ஒரு மாடி வீடு. மனைவி அம்பிகை இடைநிலைப் பள்ளி ஆசிரியை. மாமியார் என்று யாரும் இல்லாத வீட்டில் மாமனார், அதாவது சுகுமாரின் அப்பா குலசிங்கம், மாமியார் வேலையையும் சேர்த்துப் பார்த்துவந்தார். சுகுமார் ஈப்போவில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தப் பரிசோதகன். நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தத்தில் எது நல்ல அணு, எது கெட்ட அணு என்று பிரித்துச் சொல்லும் வேலை. அதில் அவன் கெட்டிக்காரன். மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால், “சுகு, கொஞ்சம் பாத்துச் சொல்லு லா” என்று தகட்டைத் தூக்கிக்கொண்டு அவனிடம்தான் வருவார்கள். அவன் சோறு கண்ணில் இருந்தது.

இனித் தோட்டத்துக் கதைக்கு வர வேண்டும். அது இல்லாமல் இவன் மாட்டிக்கொண்டது விளங்காது.

ஈப்போவிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் ஏழாங்கட்டைத் தோட்டம் என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. சுகுமாருக்குப் பதினொரு வயதாகும்போது அதை விற்றுவிட்டார்கள். இன்று பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. அந்தத் தோட்டத்தின் கடைசிப் பெரிய கிராணி குலசிங்கம். கிராணி என்றால் வெறும் எழுத்தர் இல்லை. விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கிற முந்நூறு பேருக்கும் அன்றைக்குப் பேர் போடுகிறவர் அவர்தான். அவர் பேனா நகர்ந்தால் அன்றைக்குக் கூலி, நகராவிட்டால் இல்லை. யாழ்ப்பாணத்துப் பரம்பரை, மேட்டில் தனி வீடு, வெள்ளைக் கால்சட்டை. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் அந்த வீட்டு வேலியைத் தாண்டியதில்லை. சுகுமாரும் வேலிக்கு வெளியே விளையாடப் போனதில்லை.

குலசிங்கம் ஒரு விஷயத்தில் பேர்போனவர். எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டைக் கொண்டுவந்தால் நம்பமாட்டார். தோட்டத்து மருத்துவ விடுதியில் கொடுத்த எம்சியை வாங்கி, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு எம்சிக்காரரை உச்சி முதல் பாதம்வரை பார்ப்பார். “நடந்துதானே வந்தாய்?” என்பார். நடந்து வந்தவனுக்கு அவர் அகராதியில் நோய் கிடையாது. காய்ச்சலோடு மரம் சீவப் போனவர்கள் எத்தனையோ பேர்.

தோட்டம் போனாலும் ஆட்கள் விட்டுப்போகவில்லை. பாதிப் பேர் ஈப்போவிலேயே புந்தோங்கில் குடியேறினார்கள். சிலர் லோரி முதலாளி, சிலர் ஆசிரியர், ஒருத்தர் வழக்கறிஞர். வருடத்துக்கு ஒரு முறை டேவான் என்கிற பொது மண்டபம் ஒன்றை எடுத்து ஒன்றுகூடல் நடத்துவார்கள். அதை முன்னால் நின்று நடத்துவது மாரியம்மா. ஒரு காலத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர், இப்போது கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கைத்துடைப்புத் தாள் ஒன்றை எடுத்து, மின்விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, “நடந்துதானே வந்தாய்?” என்று பெரிய கிராணி குரலில் கேட்பார். டேவானே குலுங்கும். சுகுமாரும் சிரிப்பான். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பதற்காகச் சிரிப்பான்.

போன வருடம் மே மாதம் ஒன்றுகூடல் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை வந்தது. தோட்டத்தில் பிறந்த குத்துச்சண்டைக்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே, மூன்று ரவுண்டு ஒரு காட்சி ஆட்டம் வைத்தால் என்ன? ஒருவன் சுகுமார். இன்னொருவன் ராமையாவின் மகன் தனசீலன், இருபத்தாறு வயது, தஞ்சோங் மாலிம் பக்கம் கார்த் தொழிற்சாலையில் வேலை, இப்போதும் மாநிலத்துக்கு ஆடுகிறவன். ராமையா குலசிங்கத்தின் பெரட்டில் முப்பது வருடம் நின்றவர்.

மாரியம்மா குரல் பதிவு ஒன்று போட்டார். “சுகு தம்பி, ஒங்களுக்கு வயசாச்சு லா. அன்னைக்காச்சும் கையைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்குங்க. தனசீலன் நல்லாக் குத்துவான்.”

ஞாயிற்றுக்கிழமை, வயிறு நிறைய நண்டுக்கறி, வாய்க்கொழுப்புக்குக் கேட்கவா வேண்டும்? சுகுமார் கைப்பேசியை வாயருகே வைத்துப் பேசினான். பதினொரு நொடி.

“என்ன மாரியக்கா, ராமையா மகனுக்கெல்லாம் நான் கை தூக்கணுமா? ரெண்டு கையையும் கீழ போட்டுக்கிட்டே மூணு ரவுண்டு நின்னு காட்டுறேன், பாத்துக்கிட்டே இருங்க.”

அனுப்பிவிட்டு அவனே ஒரு தரம் போட்டுக் கேட்டான். நன்றாக இருந்தது. இரண்டாம் தரம் கேட்டபோது ‘ராமையா மகனுக்கெல்லாம்’ என்ற இடத்தில் தன் குரல் அப்பாவின் குரலாக இருந்தது. உடனே அழித்தான். அதற்குள் இருநூற்றுச் சொச்சம் பேர் உள்ள குழுவில் அது பறந்துவிட்டது. யாரோ அதற்கு உறுமி மேளம் சேர்த்துத் திருப்பிப் போட்டார்கள். சிரிப்புப் படங்கள் குவிந்தன. தனசீலன் ஒரே ஒரு கட்டைவிரல் படம் போட்டான். ராமையா ஒன்றும் போடவில்லை. அவர் கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளமாக, அழிப்பதற்கு முன்பே அவர் பெயருக்கு நேரே இரண்டு நீலக்கோடு மட்டும் விழுந்திருந்தது.

அதோடு போயிருந்தால் இது ஒரு கேலிக்கூத்து, அவ்வளவுதான். ஜூன் மாதம் வேறொன்று நடந்தது. வெகுநாள் கழித்துப் பயிற்சிக் கூடத்துக்குப் போனவன், ஓர் இளவட்டத்தோடு சும்மா ஆடிப் பார்த்தான். வழக்கம்போலக் கை கீழே. வழக்கம்போலத் தலையைப் பின்னால் இழுத்தான். தலை கொஞ்சம் தாமதமாக வந்தது. இடது கண்ணோரம் ஒரு குத்து விழுந்தது. பெரிய அடி இல்லை. வீக்கம்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆய்வுக்கூடத்தில் ஒரு தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. என்ன அணு இது என்று தகட்டை நகர்த்தினான். இரத்த அணுக்கள் எல்லாம் நகர்ந்தன, புள்ளி நகரவில்லை. வேறு தகட்டை வைத்தான். அதிலும் அதே புள்ளி. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தான். புள்ளி சுவரில் இருந்தது. 

கண் மருத்துவர் அதிகம் பேசாத ஒரு மலாய்க்கார அம்மா. விழித்திரையில் கிழிசல் என்றார். லேசர் போட்டு ஓரத்தை ஒட்டவைத்தார். “இன்னொரு அடி பட்டால் மொத்தமாகக் கழன்று வந்துவிடும். அப்புறம் நான் உறுதி சொல்ல முடியாது” என்றார். தலையில் அடிபடுகிற எந்த விளையாட்டும் கூடாது என்று ஒரு கடிதமும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். சுகுமார் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஆகஸ்ட் வரை அந்தக் கடிதம் சட்டைக்குச் சட்டை மாறியதே தவிர, எவர் கைக்கும் போகவில்லை. அம்பிகைக்கு மட்டும் தெரியும். குலசிங்கத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று அவனுக்குத் தெரியும்.

அம்பிகைக்கு இதில் குழப்பமே இல்லை. “அந்தக் கடிதத்தைக் குழுவில போடுங்கோ. அவ்வளவுதானே? ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்.”

“அவங்களிட்டயா? எம்சியா?”

“ஏன், அவங்களுக்கு வாசிக்கத் தெரியாதா?”

“அம்பிகை, உமக்கு விளங்கேல்லை. இருநூறு பேர். ஒவ்வொருத்தரும் எங்கட அப்பாவிட்ட எம்சி நீட்டின ஆக்கள். இப்ப நான் போய் அவங்களிட்ட எம்சி நீட்டுறதா? மாரியக்கா அதை லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாப்பா. சனம் சிரிச்சே சாகும்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். கண் போனா வருமா?”

 பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதைச் செய்தான். எழுந்து போய்க் காரைக் கழுவினான்.

ஒரு தடவை உண்மையாகவே தப்பிக்கப் பார்த்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். ஜூலைக் கடைசியில் மாரியம்மாவுக்குத் தொலைபேசி போட்டு, “அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தான்.

“நானே கூப்புடணும்னு இருந்தேன் தம்பி! பேனர் வந்துருச்சு. ஒங்க படத்தைப் பெருசா போட்டு, கீழ ‘கை தூக்க மாட்டேன்’னு எழுதியிருக்கோம். அம்சமா இருக்கு. அப்புறம், ஒங்கப்பா வர்றாராமே?”

“யாரு சொன்னா?”

“அவரே போன் பண்ணாரு லா. இத்தனை வருசத்துல மொத தடவை. மகன் ஆட்டத்தைப் பாக்கணுமாம். முன்வரிசைல நாற்காலி போட்டுட்டேன். ராமையா அண்ணே பக்கத்துலயே. நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“ஒண்ணுமில்லக்கா. எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கத்தான்.”

தொலைபேசியை வைத்ததும் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வெளியே போகும் கதவைத் தானே சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு, உள்ளே நின்று மூச்சு முட்டுகிறது என்கிறான்.

சரி, ஆடித்தான் ஆக வேண்டுமென்றால் கையையாவது தூக்கிக்கொண்டு ஆடலாம் அல்லவா? ஆட்டம் தொடங்கியபின் யார் எதைக் கேட்கப் போகிறார்கள்? அம்பிகையின் இரண்டாவது யோசனை இது. சுகுமாரும் யோசித்தான். படுக்கையறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் கன்னத்துக்குக் கொண்டுபோனான். அப்படியே காலை நகர்த்தினான். நாலு அடி வைப்பதற்குள் இடது கை தானாகத் தொடைக்கு இறங்கிவிட்டது. மறுபடி தூக்கினான். மறுபடி இறங்கியது. கையைத் தூக்கியே வைத்தால் காலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிராளி எங்கே நிற்பான் என்ற கணக்கு பிடிபடவில்லை. தோள்பட்டை இரண்டு நிமிடத்தில் கடுத்தது. அப்போதுதான் அவனுக்கு அந்த உண்மை உறைத்தது. இருபது வருடமாகக் கை தூக்காமல் இருந்தது வீரம் இல்லை, அவனுக்குத் தூக்கத் தெரியாது. பதினாறு வயதுப் பையன்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வதை அவன் கற்றுக்கொள்ளவே இல்லை.

இதை அம்பிகையிடம்கூடச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. புந்தோங் டேவானுக்குள் நானூறு பேர். நாற்காலிகளை ஒதுக்கி நடுவில் மேடை கட்டியிருந்தார்கள். பின்கட்டில் மாரியம்மாவின் ஆட்கள் ஆட்டுக்கறி கிண்டிக்கொண்டிருந்த மணம் மேடைவரை வந்தது. குலசிங்கம் வெள்ளைக் கால்சட்டையோடு வந்து முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயசானவர்கள் சிலர் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டுப் பிறகு சங்கடப்பட்டு உட்கார்ந்தார்கள். ராமையா எழவில்லை. “வாங்கய்யா” என்று மட்டும் சொன்னார்.

நடுவர் ஒரு தாளை நீட்டினார். எனக்கு உடல்குறை ஏதும் இல்லை, என் சொந்தப் பொறுப்பில் ஆடுகிறேன் என்று அதில் இருந்தது. சுகுமாரின் சட்டை கொக்கியில் தொங்கியது. அதன் பையில் கடிதம். அதை எடுத்து இந்தத் தாளோடு சேர்த்து நடுவர் கையில் கொடுத்தால், யாருக்கும் தெரியாமல் அந்த நிமிடமே எல்லாம் முடிந்துபோகும். நடுவர் அவனுக்குத் தெரிந்தவர்தான். நல்ல மனிதர். சுகுமார் கையெழுத்துப் போட்டான். தலைக்கவசத்தை நீட்டினார்கள். வேண்டாம் என்றான். தனசீலன் வாங்கி ஒழுங்காக மாட்டிக்கொண்டான்.

முதல் ரவுண்டு சுகுமாருடையது. மறுக்க முடியாது. கை இரண்டும் கீழே தொங்க, இடுப்பை ஆட்டி ஆட்டி வழுக்கிக்கொண்டே இருந்தான். தனசீலனின் குத்துகள் முகத்துக்கு முன்னால் வந்துவந்து திரும்பின. கூட்டம், “கிராணி! கிராணி!” என்று கத்தியது. கேலியா பாராட்டா என்று பிரிக்க முடியாத கத்தல். முப்பத்தேழு வயது உடம்பில் இருபது வயது புகுந்துகொண்டது போல் அவனுக்குப் புல்லரித்தது. கண்ணை மறந்தான். கடிதத்தை மறந்தான். அம்பிகை கடைசி வரிசையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் மறந்தான்.

இரண்டாம் ரவுண்டில் தனசீலன் தலையைத் தேடுவதை நிறுத்திவிட்டான். வயிற்றில் குத்தினான். இடது விலாவில் இரண்டு, வலதில் ஒன்று, மறுபடி இடதில் இரண்டு. கை கீழே இருக்கிறவனுக்கு வயிறாவது பத்திரம் என்று யாராவது நினைத்தால் தவறு. மறைக்கத் தெரியாதவனுக்கு எந்த இடமும் பத்திரம் இல்லை. சுகுமாருக்கு மூச்சு இறைத்தது. தலை இழுப்பதில் வேகம் குறைந்தது. சும்மா தட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு குத்து நெற்றியில் பட்டது. இடது கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று ஒளி வெட்டியது.

அது என்ன என்று அவனுக்குத் தெரியும். மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்துவிட வேண்டும், இப்பொழுதே. உட்கார்ந்தால் நடுவர் எண்ணுவார், எண்ணி முடிப்பார், அவ்வளவுதான். முழங்கால் மடங்கக்கூடப் பார்த்தது. கண் எதிரே முன்வரிசையில் வெள்ளைக் கால்சட்டை. சுகுமார் தனசீலன் மேல் சாய்ந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

காதருகே தனசீலன் மூச்சு வாங்கச் சொன்னான். “அண்ணே, கையைத் தூக்குங்க லா. எவ்ளோ நேரம்தான் நான் வயித்துலயே அடிக்கிறது? தெறந்து கெடக்குற மூஞ்சில அடிக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

இத்தனை நேரம் இவன் தன் முகத்தை விட்டுவைத்திருக்கிறான். முதல் ரவுண்டு தான் வென்றதல்ல, இவன் கொடுத்தது. ராமையா மகன் தனக்குப் பிச்சை போட்டிருக்கிறான். சுகுமாருக்குத் தலைக்கேறிவிட்டது. நடுவர் பிரித்துவிட்டதும் நாலு அடி பின்வாங்கி நின்று, தாடையை முன்னால் நீட்டி, கையுறையால் தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினான்.

“இங்க அடிடா!”

நானூறு பேருக்கும் கேட்டது. தனசீலன் அடித்தான்.

சுகுமார் எப்போது விழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. பலகை தோளில் குளிர்ந்தது. நடுவர் நாலு, ஐந்து என்கிறார். ஏழில் எழுந்தான். இடது கண்ணில் கரித்தூள் கொட்டியது போலப் புள்ளிகள் மிதந்தன. பயம் வந்தது. சாமி கும்பிடுகிற பயம். அந்தப் பயத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவன் இடது கை தானாக மேலே எழுந்து கண்ணை மறைத்தது.

“தூக்கிட்டாரு!” என்று ஒரு குரல். “கிராணி கை தூக்கிட்டாரு டோய்!” டேவான் முழுக்கச் சிரிப்பு, விசில், கைத்தட்டல். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. பந்தயத்தில் ஒருவன் தோற்றால் சிரிக்கிற சிரிப்பு.

சுகுமார் கையைக் கீழே போட்டான்.

இதை அம்பிகை இன்றுவரை மன்னிக்கவில்லை. மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டாள். தூக்கின கையை ஏன் இறக்கினான் என்பதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. அடுத்த குத்து பலமானதுகூட இல்லை. இடது பக்கம், கன்ன எலும்புக்கு மேலே. மூக்கோரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை மெல்ல ஏறிப் பாதிக் கண்ணை மூடியது. நடுவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டி ஆட்டத்தை நிறுத்தினார்.

அப்போதாவது சொன்னானா? இல்லை. முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு, தனசீலன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான். ஆட்டுக்கறியோடு சோறு சாப்பிட்டான். பாதித் தட்டு தெரியவில்லை, தெரிந்த பாதியில் சாப்பிட்டான். மாரியம்மா, “தம்பி நல்ல ஆளுய்யா, தோத்தாலும் சிரிச்ச மூஞ்சி” என்று இன்னும் ஒரு கரண்டி போட்டார். இரண்டு மணி நேரம் அப்படி இருந்தான். அம்பிகை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றியபோது, “மெதுவாப் பிடியும், ஆக்கள் பாக்கினம்” என்றான்.

கண் என்ன ஆனது என்பதை இப்போதே சொல்லிவிடலாம். அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிற்பது தெரிகிறது. எழுத்து தெரியாது. நேர்கோடு வளைந்து தெரியும். நுண்ணோக்கியில் பத்து நிமிடம் பார்த்தால் தலை சுற்றும். இப்போது அவன் அதே ஆய்வுக்கூடத்தின் முன்பக்கத்தில், இரத்தக் குப்பிகளை வாங்கி ஒட்டுத்தாள் ஒட்டும் முகப்பில் உட்கார்ந்திருக்கிறான். சந்தேகத் தகட்டை யாரும் அவனிடம் கொண்டுவருவதில்லை.

அறுவைச் சிகிச்சையின்போது கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழை வைத்தார்கள். அது மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு நோயாளி இரண்டு வாரம் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் குனிந்து, படுக்கும்போதும் குப்புற. நிமிர்ந்தால் குமிழ் நகர்ந்துவிடும். யாருக்கும் தலை குனியாத கிராணி வீட்டு மகன், சாப்பாட்டு மேசையில் தலையணைகளை அடுக்கி அதன்மேல் நெற்றியை வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு நாளைக் கழித்தான். அவன் உலகத்தில் சிமெண்டு நிறத் தரைக்கல் பன்னிரண்டும் வந்துபோகிறவர்களின் கால்களும் மட்டும் இருந்தன. கழுத்து இற்றுப்போனது. சில வேளை, எழுந்து சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றிருக்கும். அதற்கும் நிமிர வேண்டுமே.

மூன்றாம் நாள் அம்பிகை யாரையும் கேட்காமல் அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து ஒன்றுகூடல் குழுவில் போட்டாள். கீழே, “இது ஜூன் மாதம் கொடுத்தது” என்று மட்டும் எழுதினாள். குழுவில் ஒரு முழு நாள் ஒருவரும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் மாலை வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். இரண்டு ஜோடிக் கால்கள் உள்ளே வந்தன. ஒன்று இளம் கால், நகம் வெட்டிச் சுத்தமாக இருந்தது. இன்னொன்று வெடித்த குதிகால், கணுக்காலில் பழைய அட்டைக் கடித் தழும்புகள்.

“அண்ணே, நான்தான். தனசீலன். அப்பாவும் வந்திருக்காரு.”

“உக்காருங்க” என்றான் சுகுமார், தரையைப் பார்த்து.

தனசீலனின் கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. “எனக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா மேடையே ஏறியிருக்க மாட்டேன். சத்தியமா. வீட்டுல சோறு எறங்க மாட்டேங்குது.”

“ஒன்மேல தப்பு இல்ல. நீ கையைத் தூக்கச் சொன்னே. நான்தான்...”  அவன் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு தரைக்கல்லில் விழுந்தது. கண்ணீர் நேராகக் கீழே விழும் என்பதைக் குனிந்தே இருந்த அந்த நாட்களில் அவன் தெரிந்துகொண்டிருந்தான்.

ராமையா நாற்காலியை இழுத்து அருகே போட்டு உட்கார்ந்தார். “தம்பி, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. எம்சி சட்டைப் பைலயே இருந்துச்சாமே. ஏன் காட்டல?”

பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. மறந்துவிட்டேன் என்றிருக்கலாம். இலேசான அடி என்று நினைத்தேன் என்றிருக்கலாம். முகம் பார்க்காமல் பேசியதாலோ என்னவோ, உண்மை வந்துவிட்டது.

“நீங்க யாரும் நம்ப மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

ராமையாவின் கால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கின.

“நம்பியிருப்போம் தம்பி” என்றார். “நம்பாட்டி எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்ல.”

 அம்பிகை கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டு, பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, “ஒடம்பப் பாத்துக்குங்க” என்று எழுந்தார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

அறை வாசலில் மூன்றாவது ஜோடிக் கால்கள் நின்றுகொண்டிருந்தன. எப்போது வந்தன என்று சுகுமாருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள்ளும் காலுறை போடுகிறவர் ஒருவர்தான். அவை மெதுவாக வந்து, ராமையா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றன.

“எனக்கேன் நீ சொல்லேல்லை?” என்றார் குலசிங்கம்.

சுகுமார் தரைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையில் அம்பிகை கோப்பை கழுவுவது நின்றது.

கிழவரே பதிலும் சொன்னார். 

“சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டன்.”

காலுறைக் கால்கள் நகரவில்லை. சுகுமாருக்கு நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.